அவசர சிகிச்சைச் சான்றிதழ் கையில் இருக்கிறது, முதல் வேலை எங்கே?

கேள்வி: 2024 ஆகஸ்ட் 3

எனக்குப் பேரையூர் பக்கம் ஊர். வயது 22. ஓராண்டு அவசர சிகிச்சை டெக்னீசியன் சான்றிதழ்ப் படிப்பை இந்த ஆண்டு முடித்தேன். இரண்டு மாதமாக மதுரையில் நான் ஏறி இறங்காத மருத்துவமனை இல்லை. எல்லா இடத்திலும் முதல் கேள்வி "அனுபவம் உண்டா?" என்பதுதான். வேலையே தராவிட்டால் அனுபவம் எங்கிருந்து வரும் என்று திருப்பிக் கேட்டால் சிரிக்கிறார்கள். இப்போது தனியார் ஆம்புலன்ஸ் வைத்திருக்கும் ஒருவர் நாளை மறுநாளே வரச் சொல்கிறார். வரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களை எல்லாம் கையோடு கொண்டுவர வேண்டுமாம். போகலாமா, வேண்டாமா?

2024 ஆகஸ்ட் 4, காலை

போகாதீர்கள். 108இல் சேருங்கள்.

காரணம் சொல்கிறேன். நான் விலங்கியலில் பட்டம் பெற்று, ஒரு முதலுதவிப் பயிற்சியையும் முடித்துவிட்டு, 2011இல் இதே போன்ற ஒரு தனியார் வண்டியில்தான் முதன்முதலாக ஏறினேன். மாதம் 4,500 ரூபாய் சம்பளம். வண்டியின் பக்கவாட்டில் "அவசர சிகிச்சை வசதியுடன்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். அந்த வசதி என்பது நான்தான் என்பது இரண்டாம் நாள்தான் எனக்குப் புரிந்தது. முதல் மூன்று வாரத்தில் அந்த வண்டியில் ஏறிய ஒன்பது பேரில் ஆறு பேர் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்கள், இரண்டு பேர் உயிர் இல்லாதவர்கள். ஒருவர்தான் நோயாளி. அவருக்கு நான் செய்தது சரியா தவறா என்று சொல்வதற்கு வண்டியில் ஆள் இல்லை. ஓட்டுநர் அண்ணன் நல்லவர், ஆனால் அவருக்குத் தெரிந்தது சாலை.

108 அப்படி இல்லை. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் அந்தச் சேவை தொடங்கியது முதல் ஒரு வண்டிக்கு இரண்டு பேர்: ஓட்டுகிறவர் பைலட், பின்னால் இருப்பவர் மருத்துவ உதவியாளர். ஆளை எடுத்த பிறகு சுமார் 50 நாள் வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் ஆம்புலன்ஸிலும் பயிற்சி கொடுத்துத்தான் வண்டியில் ஏற்றுகிறார்கள். பாதி வழியில் கை நடுங்கினால், அழைப்பு மையத்தில் இருக்கும் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம். 12 மணி நேர ஷிப்டு. பகலும் உண்டு, இரவும் உண்டு. மாநிலத்தில் எந்த மாவட்டத்தில் போட்டாலும் போக வேண்டும். நான் 2012இல் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் என்னை மருத்துவ உதவியாளர் என்று நானே நம்பத் தொடங்கினேன்.

2024 ஆகஸ்ட் 4, இரவு

காலையில் ஒன்றை விட்டுவிட்டேன், அதுவே முதலில் சொல்லியிருக்க வேண்டியது. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். காட்டுங்கள், சரிபார்க்கட்டும், நகலில் சான்றொப்பம் வாங்கிக் கொடுங்கள், மூலத்தை அன்று மாலையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி பட்டச் சான்றிதழ் வரை ஓர் உறையில் போட்டு அந்த வண்டிக்காரரிடம் கொடுத்தேன். வேலையை விட்டு நிற்கிறேன் என்றபோது, மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள் என்றார். 108 நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அப்பாவும், வழக்கறிஞரான சித்தப்பா ஒருவரும் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து வாங்கி வந்தார்கள். உறையின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்த வட்டக் கறை இன்னும் என் பட்டச் சான்றிதழில் இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 7

நான் அவசரப்பட்டுவிட்டேன். மேலூரிலிருந்து ஒருவர், "ஓராண்டுச் சான்றிதழ் படித்தவரை 108க்குப் போகச் சொல்கிறீர்களே, தகுதிப் பட்டியலைப் பார்த்தீர்களா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் விலங்கியல் பட்டத்தின் பேரில் உள்ளே போனவள். அதனால் அந்தப் பட்டியலை மறுபடி படிக்கவே இல்லை.

அண்மை ஆண்டுகளில் நாளிதழ்களில் வந்த மருத்துவ உதவியாளர் வேலைக்கான அறிவிப்புகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். என்ற செவிலியர் படிப்புகள், பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டாண்டு படித்த டி.எம்.எல்.டி. என்ற ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பு, இல்லையென்றால் விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம் போன்ற உயிரியல் பாடம் ஒன்றில் பட்டம். வயது 19 முதல் 30 வரை. எழுத்துத் தேர்வு, உடற்கூறியலும் முதலுதவியும் பற்றிய அடிப்படைக் கேள்விகள், மனிதவளத் துறையின் நேர்முகம். ஓராண்டு அவசர சிகிச்சை டெக்னீசியன் சான்றிதழ் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி வரவில்லை. அவசர சிகிச்சைக்கென்றே படித்தவருக்கு இடம் இல்லை, செடி கொடி படித்தவருக்கு இடம் உண்டு என்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. வேடிக்கை என்று சொல்லிச் சிரித்தாலும் வாசலில் நிற்பவர் நீங்கள். ஆட்சேர்ப்பு முகாம் நடக்கும்போது நேரில் போய்க் கேளுங்கள், கேட்பதில் நட்டம் இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஆக, நான் 4ஆம் தேதி எழுதியதில் பாதியை அழிக்க வேண்டும். "போகாதீர்கள்" என்பது நிற்கிறது. "108இல் சேருங்கள்" என்பதை இப்போதைக்கு எடுத்துவிடுகிறேன்.

2024 ஆகஸ்ட் 11

நான்கு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். 108இல் எனக்கு எது நல்லதாக இருந்தது என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். சைரன் இல்லை, சீருடை இல்லை. தவறு செய்தால் அது தவறு என்று சொல்ல அருகில் ஒருவர் இருந்தார், அவ்வளவுதான். பயிற்சியில் ஒருவர், தொலைபேசியில் ஒருவர், நோயாளியைக் கொண்டுபோய் இறக்கும் இடத்தில் ஒரு செவிலியர். பெரியாஸ்பத்திரியில் அப்போது ஒரு மூத்த செவிலியர் அக்கா இருந்தார்; நாங்கள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தவுடன் நோயாளியைப் பார்க்கும் முன்பு என் கையில் இருக்கும் தாளைத்தான் பார்ப்பார். நாடித்துடிப்பை எழுதி நேரம் எழுதாமல் விட்டால், "இது எப்போதைய நாடி? காலையிலயா?" என்பார். மூன்று முறை அப்படிக் கேட்டார். நான்காவது முறை கேட்க வாய்ப்புத் தரவில்லை.

ஆகவே உங்கள் முதல் வேலையை இந்த ஒரு கேள்வியை வைத்துத் தேர்ந்தெடுங்கள்: அங்கே உங்கள் அருகில் நின்று திருத்தப் போகிறவர் யார்? அப்படி ஒருவரின் பெயரை நேர்முகத்தில் அவர்களால் சொல்ல முடியாவிட்டால், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் அடுத்த இடத்தைப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் பார்த்தால், உங்களுக்கு ஆம்புலன்ஸைவிட மருத்துவமனையின் அவசரப் பிரிவு, அதாவது நாம் கேஷுவாலிட்டி என்று சொல்லும் இடம்தான் முதலில் பொருந்தும். மதுரையில் அதற்குப் பஞ்சம் இல்லை. நூறு படுக்கைக்கு மேல் உள்ள எந்த மருத்துவமனையிலும் இரவில் கேஷுவாலிட்டிக்கு ஆள் போதாது. "டெக்னீசியன் வேலை காலி இல்லை" என்று வரவேற்பு மேசையில் சொல்வார்கள்; வரவேற்பு மேசைக்கு அது தெரியாது. செவிலியர் கண்காணிப்பாளரைக் கேளுங்கள், காலை 11 மணிக்கு மேல், மருத்துவர்களின் சுற்று முடிந்த பிறகு. "இரவு ஷிப்டுக்குத் தயார்" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். என் அனுபவத்தில் "அனுபவம் உண்டா?" என்ற கேள்வியின் பாதியை அந்த ஒரு வாக்கியம் அடைத்துவிடும்.

மறுபாதிக்குப் படிப்பு வேண்டும். மார்பை அழுத்தும் முதலுதவியைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள்: பெரியவருக்கு நிமிடத்துக்கு 100 அழுத்தம், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் 15 முழு மதிப்பெண், 3 கடைசி; செத்தவருக்கும் 3தான், பூஜ்யம் என்று சொல்லிவிடாதீர்கள், நான் சொல்லியிருக்கிறேன். ரத்தக்குழாயில் மருந்து ஏற்றப் பொருத்தும் கேனுலாவின் நிறத்தைக் காட்டி அளவு கேட்பார்கள்: பச்சை 18, இளஞ்சிவப்பு 20, நீலம் 22, மஞ்சள் 24. பிறகு ஒரு கதையைச் சொல்லி, "இப்போது என்ன செய்வீர்கள்?" என்பார்கள். அங்கேதான் புதியவர்கள் புத்தகத்தை ஒப்பிக்கிறார்கள். "முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பார்ப்பேன்" என்று கேஷுவாலிட்டிக்குள் நின்றுகொண்டு சொன்ன ஒரு பையனை நான் பார்த்திருக்கிறேன். கண்காணிப்பாளர் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "பாதுகாப்பாகத்தான் இருக்கிறது, மேலே சொல்" என்றார்.

2024 ஆகஸ்ட் 12

நிமிடத்துக்கு 100 என்று எழுதியது குறை. 100 முதல் 120 வரை. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, நேர்முகத்தில் இருந்திருந்தால் நானே தோற்றிருப்பேன்.

2024 ஆகஸ்ட் 19

"கேஷுவாலிட்டியில் போட்டால் கோப்புத் தூக்குவதும் எக்ஸ்ரே எடுக்கத் தள்ளுவண்டி தள்ளுவதும்தான் வேலை, வண்டியில்தான் கை பழகும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் மாதம் அப்படித்தான் போகும். சில இடங்களில் ஆறு மாதமும் அப்படியே போகும். அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். ஆனால் "வண்டியில் கை பழகும்" என்ற இடத்தில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது, இதுவரை எழுத்தில் சொன்னதில்லை.

அந்த முதல் தனியார் வண்டியில் ஏறிய ஒன்பது பேரில் ஒருவர்தான் நோயாளி என்று எழுதியிருந்தேன் அல்லவா, அவரைப் பற்றித்தான். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மூச்சுத்திணறலோடு ஒரு பெரியவர், கூட அவருடைய மகள். முகமூடியைப் பொருத்தி, நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று ஆக்சிஜனைத் திறந்துவிட்டேன். குமிழிகள் வரும் சிறிய நீர்ப் புட்டி நன்றாகக் கொதிப்பது போல ஓடியது. அதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சிலிண்டரின் கழுத்தில் இருக்கும் அளவுமானியை நான் பார்க்கவில்லை. செக்கானூரணி தாண்டியபோது தற்செயலாகத் தலையைத் திருப்பினேன். ஊசி 20க்குக் கீழே சிவப்புப் பகுதியில் நின்றது.

கணக்கு எளிது, ஆனால் எனக்கு அன்று தெரியாது. வண்டியில் வைக்கும் பி வகைச் சிலிண்டரின் நீர்க் கொள்ளளவு சுமார் 10 லிட்டர். ஊசி காட்டும் எண்ணை 10ஆல் பெருக்கினால் உள்ளே எத்தனை லிட்டர் ஆக்சிஜன் மிச்சம் என்று தெரியும். முழுச் சிலிண்டரில் ஊசி 150 அருகே நிற்கும், அதாவது 1,500 லிட்டர், 10 லிட்டர் வேகத்தில் இரண்டரை மணி நேரம். 20 என்றால் 200 லிட்டர், 20 நிமிடம். காளவாசல் சிக்னலில் அப்போது மேம்பாலம் கிடையாது; அந்தச் சந்திப்பே சில நாள் கால் மணி நேரத்தைத் தின்றுவிடும். மாற்றுச் சிலிண்டர் இருக்கையின் அடியில் இருந்தது, ஆனால் அதைத் திறக்கும் சாவி இல்லை. சாவியைக் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியால் சிலிண்டரின் கழுத்தில் கட்டி வைப்பது வழக்கம். யாரோ அவிழ்த்து எடுத்திருந்தார்கள்.

பெரியவரை நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, விரலில் மாட்டிய கருவி காட்டும் ரத்த ஆக்சிஜன் எண்ணைப் பார்த்துக்கொண்டே ஓட்டத்தை 6 லிட்டராகக் குறைத்தேன். எண் 92இலேயே நின்றது. ஓட்டுநர் அண்ணன் தொலைபேசியில் பேசி, நாகமலை புதுக்கோட்டையில் வேறொரு வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். சாலையோரத்தில் அந்தச் சாவியை வாங்கித் திறந்தோம். அவர் பிழைத்து வீட்டுக்குப் போனார். அந்த மகள் என்னைக் கைகூப்பிக் கும்பிட்டார். அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

யாராவது ஒருவர் என் முதல் நாள் காலையில், "ஷிப்டு தொடங்கினால் முதலில் ஊசியைப் பார், பிறகு சாவியைப் பார், பிறகு மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கை உள்ளங்கையில் அடைத்து அழுத்திப் பார், சக்‌ஷனைப் போட்டுத் தண்ணீரை உறிஞ்சிப் பார்" என்று சொல்லியிருந்தால் போதும். ஐந்து நிமிட வேலை. அந்த வண்டியில் இதைச் சொல்ல வேண்டியவள் நான்தான், எனக்கே அது தெரியாது. கை பழகத்தான் செய்கிறது, எதில் பழகுகிறது என்பதுதான் கேள்வி.

2024 செப்டம்பர் 2

கேள்வி கேட்ட தம்பியிடமிருந்து செய்தி இல்லை. மற்றவர்கள் கேட்டிருப்பதற்குச் சுருக்கமாகச் சில.

சுங்கச்சாவடி வண்டிகள்: தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணுக்கு அழைத்தால் வருபவை. கப்பலூர், எலியார்பத்தி போன்ற இடங்களில் நிற்கும். விபத்து வேலை நிறைய வரும், ஆனால் நோயாளியை அருகிலுள்ள மருத்துவமனையில் இறக்கிவிட்டு உடனே திரும்ப வேண்டியிருப்பதால், அவருக்கு என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். இரண்டாவது வேலையாக நன்று.

தொழிற்சாலைகள்: சட்டப்படி, 500 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை இருந்தாக வேண்டும். வேலை நேரம் சீராக இருக்கும், பி.எஃப். உண்டு, மதியம் நல்ல சாப்பாடு உண்டு. தலைவலி மாத்திரையும் விரலில் வெட்டுக்காயமும்தான் பெரும்பாலும். திருமணம் ஆகிக் குழந்தை பிறந்த பிறகு நானும் இதைப் பற்றி யோசித்தேன். 22 வயதில் யோசிக்க வேண்டாம்.

வளைகுடா: ஏஜெண்ட் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கே உரிமத் தேர்வு எழுதவும் இங்கே வேலை பார்த்த அனுபவச் சான்று கேட்பார்கள். ஆகவே சுற்றி வந்தால் அதே முதல் வேலையில்தான் வந்து நிற்க வேண்டும்.

பெண்களுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று ஒரு தந்தை கேட்டிருக்கிறார். ஐயா, ஓடும் வண்டியில் பிரசவம் ஆகும்போது அந்தத் தாய் முதலில் தேடுவது பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாளா என்பதைத்தான். என் அப்பா முதல் ஒரு மாதம் இரவு ஷிப்டு முடியும் வரை தன் டிவிஎஸ் 50இல் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். பிறகு அவருக்கே தூக்கம் போதவில்லை, விட்டுவிட்டார்.

கேள்வி கேட்டவர்: 2024 செப்டம்பர் 15

அக்கா, அந்தத் தனியார் வண்டிக்குப் போகவில்லை. நீங்கள் சொன்னபடி நான்கு மருத்துவமனைகளில் செவிலியர் கண்காணிப்பாளரைப் பார்த்தேன். ஒரு இடத்தில் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்று. 7ஆம் தேதி நீங்கள் எழுதிய பட்டியலில் தாவரவியல் என்று இருந்தது. நான் இந்தச் சான்றிதழ்ப் படிப்புக்கு முன்பு பி.எஸ்சி. தாவரவியல் மூன்றாண்டு படித்தேன். இரண்டு தாளில் அரியர் இருக்கிறது. அதை யாரிடமும் சொல்வதில்லை, உங்களிடமும் சொல்லவில்லை. அது இந்த வேலைக்கு உதவுமா?

2024 செப்டம்பர் 16

செடி கொடி என்று 7ஆம் தேதி நான் கேலி செய்தபோது நீங்கள் அதைப் படித்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறீர்கள். என் தவறும் இருக்கிறது: "வேறு என்ன படித்தீர்கள்?" என்று நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். நோயாளியிடம் கேட்கிறோமே, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று.

உதவும். அந்த இரண்டு தாளை எழுதி முடியுங்கள். நவம்பர் பருவத் தேர்வுக்குக் கட்டணம் கட்டும் கடைசி நாளை இன்றே உங்கள் கல்லூரியில் கேளுங்கள். 108 பட்டியலில் உங்களுக்கு வாசல் திறப்பது அந்தப் பட்டம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. 2021இல் நாடாளுமன்றம் துணைநிலைச் சுகாதாரப் பணியாளர்களுக்கென ஒரு தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றியது. அதன் அட்டவணையில் அவசர மருத்துவத் தொழில்நுட்பர் என்ற நம்முடைய தொழிலும் இருக்கிறது. அதுவரை நம்மைப் போன்றவர்களைச் சட்டம் பெயர் சொல்லி அழைத்தது கிடையாது. ஆனால் அந்தச் சட்டம் துணைநிலைச் சுகாதாரப் பணியாளர் என்று ஏற்றுக்கொள்வது, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் 2,000 மணி நேரத்துக்குக் குறையாமல் படித்துப் பெற்ற டிப்ளமோவையோ பட்டத்தையோதான். உங்கள் ஓராண்டுச் சான்றிதழும் என் பழைய முதலுதவிப் பயிற்சியும் அந்த அளவைத் தொடாது. இன்றைக்கு வேலை கிடைப்பதை இது தடுக்காது. பத்தாண்டு கழித்து யாரை எந்தப் பெயரில் அழைப்பது என்று பார்க்கும்போது தடுக்கலாம். விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. பட்டம் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது; அதைப் பிறகு யோசிக்கலாம். முதலில் அரியர்.

இதை எழுதும்போது எனக்கும் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு ஆண்டு அனுபவம் இருக்கிறது, சட்டம் கேட்கும் தாள் என்னிடம் இல்லை.

2024 அக்டோபர் 20

அடுத்த வாரம் வேலையில் சேரப் போவதாகத் தம்பி எழுதியிருக்கிறார்: கேஷுவாலிட்டி, இரவு, மூன்று மாதம் பயிற்சிக் காலம். திருத்துபவர் யார் என்று நேர்முகத்திலேயே கேட்டாராம். கண்காணிப்பாளர் சிறிது நேரம் அவரைப் பார்த்துவிட்டு, இரவு ஷிப்டு சிஸ்டர் ஒருவரை அழைத்துக் காட்டினாராம். கேட்டதே பெரிது.

சேருவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் முதல் ஊசியை இந்த வாரமே போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது ஒரு மாதம் கழித்து, மூன்றாவது முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதத்தில். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள். எல்லாரும் போடுவார்கள், நீங்கள் போடாதீர்கள். குத்திவிட்டால் பிழிய வேண்டாம், சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும், உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முதல் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. "சின்னக் குத்துதான்" என்று மறைத்த ஒரு தோழி ஆறு மாதம் தூங்கவில்லை. பரிசோதனையில் ஒன்றும் இல்லை, ஆனால் அந்த ஆறு மாதத்தை யாரும் அவளுக்குத் திருப்பித் தரவில்லை.

கைக்கடிகாரம் நொடி முள்ளோடு இருக்கட்டும். கைப்பேசியை எடுத்து நாடி எண்ணினால் உறவினர்கள் படம் எடுக்கிறீர்கள் என்று நினைத்துச் சண்டைக்கு வருவார்கள். எழுதத் தாள் கிடைக்காத நேரத்துக்கு, மைக்ரோபோர் ஒட்டுப்பட்டை ஒரு துண்டைக் கால்சட்டையில் தொடைமேல் ஒட்டி வைத்துக்கொண்டு அதில் எழுதுங்கள். நேரத்தையும் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்: 2025 ஜனவரி 16, நள்ளிரவு

இன்று அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு பார்க்கப் போன ஒருவரை அவருடைய அண்ணன் காரிலேயே எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிட்டார். வயிற்றில் கொம்பு. துண்டை விலக்கிப் பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் காயம், ரத்தமும் அதிகம் இல்லை. அவரே எழுந்து உட்கார்ந்து பேசினார். சீட்டில் "சிறு காயம்" என்று எழுதப் போனேன். நைட் சிஸ்டர் என் பேனாவைப் பிடித்து நிறுத்திவிட்டு, "நாடி எத்தனை?" என்றார். 124. "வயிற்றைத் தொட்டுப் பார்" என்றார். பலகை போல இருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்துவிட்டது, அறுவை அரங்குக்குள் போய்விட்டார். எனக்குக் கை இன்னும் ஒரு மாதிரியாக இருக்கிறது அக்கா. அவர் பேனாவைப் பிடிக்காமல் இருந்திருந்தால்?

2025 ஜனவரி 17

கொம்புக் காயம் அப்படித்தான்: வாய் சிறிதாக இருக்கும், உள்ளே குடைந்திருக்கும், கொம்பு போன திசை வெளியில் தெரியாது. குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாமல், உப்புநீரில் நனைத்த காஸால் மூட வேண்டும். இதெல்லாம் நீங்கள் படித்ததுதான். நேற்றுப் பார்த்தீர்கள், இனி மறக்காது. 124 என்று நீங்கள் எண்ணிச் சொன்னதால்தான் சிஸ்டர் அடுத்த கேள்விக்குப் போக முடிந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

எனக்கு நேற்று இரவு ஷிப்டு; எங்களுக்கும் இரண்டு பேர் வந்தார்கள், இருவரும் மாட்டால் இல்லை, கேலரியிலிருந்து விழுந்தவர்கள். அது வேறு கதை.

பேனாவைப் பிடித்த சிஸ்டருக்கு இன்று ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். நவம்பரில் எழுதிய இரண்டு தாளின் முடிவு என்ன ஆயிற்று? அதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள்.